மறுபடி எடுக்க முடியாத மாதிரி

ஸ்கெல்கார்த் பண்ணை, கம்பிரியா
18 நவம்பர் 2024

ஆல்வினுக்கு,

இத்துடன் உள்ள தாளை நான் எழுதவில்லை. என் மகள் பிரையனியைப் பார்க்கும் மரபணு ஆலோசகர் ஃபோலாகே கொடுத்தார். 'அன்புள்ள உறவினரே' என்று தொடங்குகிறது. அண்ணன் என்று எழுத எனக்குக் கை வராத இந்த நேரத்தில் அந்த விளிப்பே போதும்.

"நீங்களே அவர்கிட்ட குடுத்துடலாமே? உங்க கட்டடத்துலதான வேலை பாக்குறாரு. ரெண்டு மாடி இறங்கினா அவரு மேசை" என்று கேட்டேன்.

"குடுக்கக் கூடாதுங்க. நோயாளியோட சொந்தக்காரங்களுக்கு நாங்களா எதையும் அனுப்ப மாட்டோம். பிரையனி சம்மதிக்கணும், நீங்க உங்க கையால அனுப்பணும்" என்றார்.

ஆகவே உன் கட்டடத்தில் அச்சான தாள் என் கைப்பையில் ஏறி, கணவாயைக் கடந்து, ஆட்டுப்பட்டிக்கு வந்து, இப்போது தபாலில் உன்னிடமே திரும்பி வருகிறது. உங்கள் ஆட்கள் போட்ட பாதை. உனக்குப் பிடிக்கும்.

விஷயம் இது. ஜூன் மாதம் மலைக்குளத்தில் நீந்திக்கொண்டிருந்த பிரையனி நடுவில் கல்லைப் போல மூழ்கினாள். பக்கத்தில் அவள் தோழி இருந்ததால் பிழைத்தாள். செப்டம்பரில் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய முதல் ரத்த டியூப்பை நீ என்ன செய்தாய் என்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இரண்டாவது டியூப்புக்குப் பதில் வந்துவிட்டது. இதயத் துடிப்பை நடத்தும் மரபணு ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். ஆனால் அவள் மூழ்கியதற்கு அதுதான் காரணமா என்று சொல்ல அவர்களுக்குத் துணிவில்லை. 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்கிறார்கள். அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது. ஆனால் என் ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கிறது. அதனால் குழப்பம் கூடிவிட்டது.

அதுதான் காரணம் என்று உறுதியானால் தினமும் மாத்திரை போதும். உறுதியாகாவிட்டால் காரணம் வேறெதோ என்று எடுத்துக்கொண்டு, வரும் கோடையில் அவள் நெஞ்சுத்தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்துத் தைத்துவிடுவார்கள். இதயம் நின்றால் அது அடித்து எழுப்புமாம். அவளுக்கு வயது பதினாறு.

உறுதிப்படுத்த நம் பக்கத்து ரத்தம் வேண்டும். நம் பக்கம் என்றால் மிஞ்சியிருப்பது நீ மட்டும். வேண்டாமென்றால் ஒரு வரி எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

லோர்னா


25 நவம்பர் 2024

அன்புள்ள லோர்னா,

உன் கடிதமும் இணைப்பும் கிடைத்தன. முதலில் இணைப்பைப் பற்றி ஒரு தகவல். அதன் வாசகத்தை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். 'உறவினரே' என்பதற்கு முன்னால் 'அன்புள்ள' தேவையா என்று ஒரு பிற்பகல் முழுவதும் வாதம் நடந்தது. குடும்பங்களில் அது எப்போதும் உண்மையாக இராது என்றார் ஒருவர். இருக்கட்டும் என்று வாக்களித்தவன் நான்.

இரண்டாவதாக, செப்டம்பர். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஏனெனில் ஒருவர் நினைத்திருப்பதும் நடந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். குப்பியின் மேல் 'பிரையனி ஹடார்ட்' என்றிருந்தது. தேசியப் பதிவேட்டில் அவள் தந்தையின் குடும்பப் பெயரோடு 'பிரையனி டோல்சன்'. உங்கள் ஊர் மருத்துவமனைச் செவிலி டோரீன், பள்ளத்தாக்கு எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே எழுதிவிட்டார். அங்கே மருமகனாக வந்தவனின் பெயரை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? குப்பியைக் கையில் எடுத்த கணத்திலேயே அது யாருடையது என்று எனக்குத் தெரியும். சிக்கலே அதுதான். எனக்குத் தெரிந்த பிள்ளை என்பதற்காக ஒரு குப்பி உள்ளே போகலாம் என்றால், அங்கே ஒருவருக்கும் தெரியாத பிள்ளையின் குப்பிக்கு யார் காவல்? ஆகவே திருப்பி அனுப்பினேன். நோயாளியைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பதால் உன்னிடமும் சொல்லவில்லை.

ஒரு முறை ஒரே நாளில் பிறந்த, ஒரே பெயர் கொண்ட இரு சிறுமிகளின் குப்பிகள் ஒரே பெட்டியில் வந்தன. இருவரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். அவற்றை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. கண்ணின் நிறம், உயரம், எந்த வயதில் எது கெடும் என்பது வரை ஒரு மனிதரைப் பற்றி என்னென்னவோ அந்த ரத்தத்தில் எழுதியிருக்கிறது, பெயரைத் தவிர. பெயரை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். அதனால்தான் அதில் தவறக் கூடாது.

மூன்றாவதாக, என் ரத்தம். தன்னைப் பற்றி அறியாமல் இருப்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பது எங்கள் சேவையின் விதிகளில் ஒன்று. அதை நான் பயன்படுத்தப் போவதாகச் சொல்லவில்லை. யோசிக்கச் சற்று அவகாசம் கேட்கிறேன்.

ஆல்வின்


ஸ்கெல்கார்த்
2 டிசம்பர் 2024

ஆல்வினுக்கு,

உன் கடிதத்தைப் பிரையனிக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பகுதி வந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"மாமாவுக்குப் பயமா இருக்குன்னு எழுத எவ்வளவு பெரிய வாக்கியம் தேவைப்படுது பாரும்மா! எனக்கும் பயமாத்தான் இருக்கு. எனக்கு யாரு அவகாசம் குடுத்தா?"

இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்கிறேன். நீ திருப்பி அனுப்பிய டியூப்புக்குப் பதில், இந்த முறை நகரத்திலேயே ரத்தம் கொடுக்க நானும் அவளும் கணவாயை ஏறினோம். முதல் பனி. முன்னால் போன லாரி வழுக்கி நின்றுவிட்டது. அன்று முழுவதும் அவள் இதயம் எப்போது நிற்கும் என்று கியரைப் பிடித்த கையால் அவள் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். உன் இரு சிறுமிகள் கதை நல்ல கதை. என் கதையும் உனக்குத் தெரியட்டும்.

பட்டியில் ஒரு குட்டி காரணமில்லாமல் செத்தால் நாங்கள் கிடாயைப் பார்ப்போம், தாயைப் பார்ப்போம், தாயின் கூடப்பிறந்ததைப் பார்ப்போம். இதுவரை எந்த ஆடும் அவகாசம் கேட்டதில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன். அப்பாவை நினைத்துப் பார்த்தாயா? நவம்பர் மாதம், தொலைந்த ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்கும் நாள். ஊரே பப்பில் கூடியிருந்தது. அப்பா தன் ஆட்டைக் காதுக்குறி பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் அது குளத்தில் இறங்கிவிட்டது. பிடிக்க அவரும் இறங்கினார். ஆடு கரையேறிவிட்டது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள். "குடிச்சுட்டு எறங்கியிருப்பான்" என்று ஊர் ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்தது. அம்மா சாகும்வரை அந்தப் பப்பின் வாசலைத் தலை நிமிர்ந்து கடந்ததில்லை. அப்போது நீ பதினாறு. இப்போது பிரையனி பதினாறு.

அதே குளம், ஆல்வின்.

லோர்னா


ஸ்கெல்கார்த்
16 டிசம்பர் 2024

ஆல்வினுக்கு,

இங்கே எதுவும் மறைவதில்லை என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. இன்று காலை டோரீன் பட்டிக்கே வந்துவிட்டாள்.

"உங்க அண்ணன் வியாழக்கிழமை வந்தான்டி. ரத்தம் குடுத்தான். 'கையைத் தளர்த்திக்க தம்பி'ன்னேன். கல்லு மாதிரி வச்சிருந்தான். சுவத்துல இருந்த சுத்தம் சம்பந்தமான போஸ்டரைப் படிச்சுட்டே இருந்தான், அதுல ஒரு தப்பு வேற கண்டுபிடிச்சான். 'வீட்டுக்குப் போறியா?'ன்னேன். 'நேரமாயிட்டுது'ன்னுட்டு வண்டியில ஏறிட்டான்."

நகரத்தில் ரத்தம் எடுக்க ஆளா இல்லை? உன்னோடு வேலை செய்பவர்கள் பார்க்கக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். சரி. ஆனால் பள்ளத்தாக்குவரை வந்தவனுக்குப் பண்ணை வாசல்வரை வரத் தெரியவில்லையா? கேட்டைத் திறந்தே வைத்திருந்தேன் என்று சொல்லவில்லை. பூட்டியும் வைக்கவில்லை.

நன்றி. இதைப் பிரையனி எழுதச் சொன்னாள்.

லோர்னா


4 ஜனவரி 2025

அன்புள்ள லோர்னா,

உனக்குச் சிரிப்பை வரவழைக்கக்கூடிய ஒரு செய்தியைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

செப்டம்பருக்குப் பிறகு எங்கள் வாசலில் நானே ஒரு விதி கொண்டுவந்தேன். பணியாளரின் உறவினர் குப்பியோ, பணியாளரின் சொந்தக் குப்பியோ வந்தால், அவர் மேசையை விட்டு எழுந்து கண்ணாடிச் சுவருக்கு வெளியே போய்விட வேண்டும். அவ்வாறே நானும் எழுந்து போனேன். என் இடத்தில் ஜரீனா உட்கார்ந்தாள். பிராட்ஃபோர்டுக்காரி, என்னிடம் பயிற்சி பெற்றவள், என்னிடம் பயமே இல்லாதவள். சற்று நேரத்தில் கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், உங்க குப்பி வந்துச்சு."

"விவரம் எதுவும் எனக்குச் சொல்லக் கூடாது."

"விவரம் சொல்லலை சார். திருப்பி அனுப்பியாச்சுன்னு மட்டும் சொல்றேன்."

"ஏன்?"

"பதிவேட்டுல நீங்க ஜேம்ஸ் ஆல்வின் ஹடார்ட். குப்பியில வெறும் ஆல்வின். ஜேம்ஸைக் காணோம்."

"ஜரீனா, அது நான்தான். உனக்கு என்னைத் தெரியும்."

"தெரியும் சார். சிக்கலே அதுதான். இது நீங்க சொல்லிக் குடுத்தது."

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். ஜேம்ஸ் என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உலகத்திலேயே இல்லை. ஞானஸ்நானம் செய்வித்த பாதிரியார்கூட ஒரு முறைதான் கூப்பிட்டிருப்பார். டோரீன் மறுபடியும் பள்ளத்தாக்கு கூப்பிடும் பெயரை எழுதிவிட்டார். முடிவு சரியானது. என்னிடம் வந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். மறுப்புச் சீட்டை நான் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டப்பட்ட பக்கத்தில் நின்றது இதுவே முதல் முறை. அங்கிருந்து பார்க்கும்போது, மறுப்பை அன்றைக்கே ஊர் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லாமல் தபாலில் அனுப்புவது ஏன் என்று ஒரு கேள்வி எழுகிறது. அதற்கு விதிப்புத்தகத்தில் காரணம் எதுவும் இல்லை. திருத்தம் முன்மொழிந்திருக்கிறேன்.

நான் திரும்பவும் வர வேண்டும். கணவாயில் பனி கடுமையாக இருக்கிறது என்கிறார்கள். ரத்தம் கொடுத்த பிறகு எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆல்வின்


ஸ்கெல்கார்த்
20 ஜனவரி 2025

ஆல்வினுக்கு,

கையுறையை வைத்துவிட்டுப் போய்விட்டாய். நாய் அதைத் தன்னுடையது என்று முடிவுசெய்துவிட்டது. அடுத்த முறை வந்து சண்டை போட்டு வாங்கிக்கொள்.

நீ கிளம்பிய பிறகு டோரீன் கூப்பிட்டாள். "ஏன்டி, உன் அண்ணன் பேரு ஜேம்ஸாமே! முப்பது வருஷமா யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியாம பழகியிருக்கேனே!" இப்போது அவள் எல்லாரையும் பழிவாங்குகிறாள். அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களைக்கூட உட்காரவைத்து, "முழுப் பேரு சொல்லுங்க, பொறந்த தேதி சொல்லுங்க" என்கிறாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அல்லது நீ இருக்கும்போது சொல்ல வரவில்லை. பனியில் கணவாயைத் தாண்டி வந்து கதவைத் தட்டினாயே, உன் கை ஸ்டீயரிங்கைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போய்விட்டது.

அந்தச் சூப்பில் நான் உப்புப் போட மறந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் குடித்தாய். விதியில் இருக்கிறதா அது?

லோர்னா


3 மார்ச் 2025

அன்புள்ள லோர்னா,

இதை ஆய்வுக்கூட ஊழியனாக எழுதவில்லை. ஃபோலாகே எதிரே உட்கார்ந்து கேட்ட நோயாளியாக எழுதுகிறேன். எனக்கும் அந்த மாற்றம் இருக்கிறது. என் ஈ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மீண்டும் தயாராகும் நேரம் நீண்டிருப்பதும் தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்குக் காரணம், எனக்கு நீச்சலில் நாட்டமில்லாததும், மாடிப்படியில்கூட நான் ஓடாததும்தான் என்றார் இதய மருத்துவர். சோம்பலுக்கு முதன்முறையாக ஒரு நற்சான்றிதழ்.

பயந்ததுபோல் இல்லை. விசித்திரமாக, ஒரு வியப்புதான் மிஞ்சியிருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வேலைமுறையாக அறிவேன், மனத்தால் அறிந்ததில்லை. முந்நூறு கோடி எழுத்துகள், லோர்னா. அவற்றை உரக்கப் படிக்கத் தொடங்கினால் நம் ஆயுள் போதாது. அதில் ஒன்று, ஒரே ஒன்று, மாறியிருப்பதைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பிடித்த பிறகு அவசரப்படவில்லை. வாரந்தோறும் ஒரு கூட்டம். வெவ்வேறு ஊர்களிலிருந்து திரையில் வருகிறார்கள். அவர்களில் பிரையனியைப் பார்த்தவர் ஃபோலாகே ஒருவரே. மற்றவர்கள், முகம் தெரியாத ஒரு பெண்ணின் ஓர் எழுத்துக்காக ஒருவரோடொருவர் வாதிடுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். நாட்டை ஏழாகப் பிரித்து ஏழு ஆய்வுக்கூடங்கள். ஆனால் பரிசோதனைப் பட்டியல் ஒன்றுதான். பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் ஸ்கெல்கார்த் பிள்ளைக்கும் அதே எண், அதே தகுதி, அதே வரிசை. ஓரிடத்தில் கண்டது ஏழு இடங்களுக்கும் தெரியும்படி ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டால் தெரியவந்தது ஒன்று உண்டு. இதே மாற்றத்தோடு நாட்டின் வேறொரு மூலையில் இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது. எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

கூட்டத்தின் முடிவு: என் ரத்தம் தராசைச் சாய்த்திருக்கிறது, ஆனால் தட்டு இன்னும் தரை தொடவில்லை. அப்பாவுக்கும் அது இருந்ததா என்று தெரிந்தால் தொட்டுவிடும். ஃபோலாகே மெதுவாகக் கேட்டார்: "உங்க அப்பாவுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்துச்சா?" நடந்தது. அந்தக் காலத்தில் உறுப்புகளிலிருந்து சிறு துண்டுகளை மெழுகில் பதித்து வைப்பார்களாம். மாவட்ட மருத்துவமனையின் கிடங்கில் தேடச் சொல்லியிருக்கிறார்கள். தேட நம் இருவர் சம்மதமும் வேண்டும். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

ஆல்வின்


ஸ்கெல்கார்த்
11 மார்ச் 2025

ஆல்வினுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உடனே போடவில்லை. கல்லறைக்குப் போய் நின்றேன். அப்பா முழுதாக இங்கே இருக்கிறார் என்று நினைத்துத்தானே இத்தனை வருடம் பூ வைத்தோம்? ஒரு துண்டு அலமாரியில் இருந்திருக்கிறது. நமக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பிரையனியிடம் சொன்னேன். அவள் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை.

"தாத்தா எனக்காக ஒளிஞ்சிருந்திருக்காரும்மா" என்றாள்.

பிறகு நான் கையெழுத்துப் போட்டேன்.

குட்டி போடும் காலம் தொடங்கிவிட்டது. கருவி வைக்கும் தேதியை ஜூன் பத்து என்று குறித்துவிட்டார்கள். அதற்குள் முடிவு வருமா?

லோர்னா


24 ஏப்ரல் 2025

அன்புள்ள லோர்னா,

அப்பா வந்துவிட்டார். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று முற்பகல் வழக்கமான வண்டியில், வழக்கமான நீலப் பெட்டியில், மற்றவர்களின் குப்பிகளுக்கு நடுவே வந்தார். நான் மேசையை விட்டு எழுந்து வெளியே போனேன். கண்ணாடிக்கு அப்பால் ஜரீனா பெட்டியைத் திறப்பது தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெழுகுக் கட்டி. அதன் நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு. அது இதயத் தசை.

ஜரீனா கையில் எடுத்து, ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் அவளுக்குக் கற்பித்தது. பெயர் பொருந்தவில்லை. பதிவேட்டின்படி அவர் விக்டர் ஹடார்ட். கட்டியின் மேல் 'விக் ஸ்கெல்கார்த்' என்றிருந்தது. குளத்திலிருந்து எடுத்தவர்கள் ஊர் வழக்கப்படி பண்ணையின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். காவலர் அப்படியே எழுதியிருப்பார். பிணவறைக்கும் அதுவே போய், முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பெயரோடேயே இருந்திருக்கிறார்.

உனக்குப் புரியும், எனக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று. பிரையனியைத் திருப்பி அனுப்பினேன். என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவை எங்கே திருப்பி அனுப்புவது? கணவாயைத் தாண்டி இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வர அவரால் முடியாது.

எங்கள் விதிப்புத்தகத்தில் இதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. 'மறுபடி எடுக்க முடியாத மாதிரி' என்று தலைப்பு. மிக அரிதாகவே திறப்போம். அத்தகைய மாதிரியை மறுக்கக் கூடாது; விசாரிக்க வேண்டும். தேதி, இடம், பிரேதப் பரிசோதனை எண் ஆகியவை பொருந்த வேண்டும், அவை பொருந்தின. அதற்குமேல், அந்த மனிதரை நேரில் அறிந்த இருவர் எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும்.

மேசைக்குப் போகக் காலெடுத்து வைத்தேன். ஜரீனா கண்ணாடி வழியே கையைக் காட்டித் தடுத்தாள்.

"இந்தப் பக்கம் வராதீங்க சார். இன்னைக்கு நீங்க ஆபீஸ் இல்லை. இன்னைக்கு நீங்க குடும்பம்."

பிறகு எழுந்து வெளியே வந்து, நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டாள்: "இவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

லோர்னா, செப்டம்பரில் தெரிந்திருந்ததை ஒதுக்கிவைத்தேன்; அது சரி என்று இன்றும் சொல்வேன். நேற்று அதே புத்தகம், அதே வாசலில், தெரிந்ததைச் சொல் என்று என்னிடம் கேட்டது. இவ்வளவு காலம் அதைக் காவல் காக்கும் சுவர் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு கதவும் வைத்திருந்திருக்கிறார்கள்.  'விக் ஸ்கெல்கார்த் என்பவரும் விக்டர் ஹடார்ட் என்பவரும் ஒருவரே. எந்த அடிப்படையில் அறிவீர்: மகன்' என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. அது உனக்கு. இணைத்திருக்கிறேன். ஜேம்ஸ் ஆல்வின் என்று முழுப் பெயரும் எழுதிவிட்டேன். நீயும் பதிவேட்டில் உள்ளபடியே எழுது.

ஆல்வின்


ஸ்கெல்கார்த்
2 ஜூன் 2025

அன்புள்ள ஆல்வின்,

ஃபோலாகே உன்னையும் கூப்பிட்டிருப்பார். இருந்தாலும் நான் எழுத வேண்டும்.

காலையில் ஆடுகளுக்குக் கம்பளி கத்தரித்துக்கொண்டிருந்தோம். சமையலறைத் தொலைபேசி அடித்தது. கம்பளி எண்ணெய் ஒட்டிய கையோடு எடுத்தேன். "உங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. கூட்டத்துல முடிவாயிட்டுது. காரணம் அதுதான். பிரையனிக்குக் கருவி வேண்டாம், மாத்திரை போதும். இனிமே 'உறுதியாகாத மாற்றம்'னு எந்த ஆய்வுக்கூடமும் இதைச் சொல்லாது" என்றார். நான் அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். "அவங்க வீட்டுக்கும் இன்னைக்கு ஒருத்தங்க பேசுவாங்க" என்று மட்டும் சொன்னார். யார், எங்கே, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னோடு பழகிப் பழகி எனக்கும் விதி வந்துவிட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஸ்கெல்கார்த் என்றொரு இடம் இருப்பதே தெரியாது. தொலைந்த ஆட்டைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கிய ஒருவர் தங்கள் பிள்ளையையும் கரையேற்றினார் என்று தெரியவே தெரியாது.  கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிரையனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னேன்.  அவள் உடனே, ஜூன் பத்தாம் தேதி கம்பளி கத்தரிக்க வேண்டிய ஆடுகளையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். குளத்தில் இனி நீந்தக் கூடாது என்பதற்கு மட்டும் முகம் சுளித்தாள்.

மாலையில் அவளோடு பப்புக்குப் போனேன். நீயும் நானும் அங்கே கால் வைத்ததில்லை, இல்லையா? பழைய ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். டோரீனும் இருந்தாள். பிரையனி வேண்டுமென்றேதான் உரக்கக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"அம்மா, தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமா?"

மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலைகுனிந்து கடந்த வாசல் எனக்கு நேர் எதிரே இருந்தது. நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"இந்தப் பள்ளத்தாக்குல அவரை மாதிரி நீந்துறவங்க யாருமே இருந்ததில்லை. அவரு குடியால சாகலை. இதயம் நின்னு போச்சு. எழுத்துல இருக்கு."

டோரீன் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "முழுப் பேரு சொல்லு" என்றாள்.

"விக்டர் ஹடார்ட்" என்றேன்.

எல்லாரும் எழுந்து நின்று அந்தப் பெயருக்குக் குடித்தார்கள்.

உன் தங்கை,
லோர்னா